சும்மா கிளம்புங்க, ஆலங்காயம் இருக்கு!

சும்மா கிளம்பிப் போவதற்கென்றே ஓர் ஊரைக் கட்டு என்று யாராவது உத்தரவு போட்டிருந்தால், கொத்தனார் நேராக ஆலங்காயத்துக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்கே ஏற்கெனவே கட்டி முடிச்சாச்சே" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். என் ஊரைப் பற்றி நான் மிகைப்படுத்தாமல் வேறு யார் மிகைப்படுத்துவது?

எங்கள் ஊர் பெரிய ஊர் இல்லை. ஒரு பேரூராட்சி. 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தபோது வேலூரிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தோம். ஜவ்வாது மலை கிழக்கே சுவர் எழுப்பினாற்போல நிற்கும். காலையில் சூரியன் கொஞ்சம் தாமதமாகத்தான் எங்களுக்குக் கிடைக்கும். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு விமான டிக்கெட் வேண்டாம், விடுமுறை விண்ணப்பம் வேண்டாம், பையில் மாற்றுத்துணி கூட வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனால் போதும்.

வடமேற்கே போனால் வாணியம்பாடி. தென்மேற்கே திருப்பத்தூர். வடகிழக்கே மலையடிவாரத்தை ஒட்டியே ஒடுகத்தூர். கிழக்கே ஏறினால் காவலூர், அதற்கும் அப்பால் ஜமுனாமரத்தூர். இந்த நான்கு திசையையும் வைத்து நானும் அம்மாவும் ஓர் ஆட்டம் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். சாயங்காலம் நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீயும் மசால் வடையும். டீ டம்ளரைக் கீழே வைக்கும்போது எந்த பஸ் நிற்கிறதோ அதில் ஏற வேண்டும். பெயர்ப்பலகை பார்க்கலாம், மறுக்கக் கூடாது. முதல் நாளே பேசி வைத்துக்கொண்டு வந்தால் ஆட்டம் செல்லாது. கண்டக்டரிடம் கேட்க அனுமதிக்கப்பட்ட ஒரே கேள்வி, "திரும்பி வர்றதுக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?"

இந்த ஆட்டத்தில் என்னைவிட அம்மாவுக்குத்தான் வெறி. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் காசு கிடையாது என்பதால், அப்படிப்பட்ட வண்டி நின்றுவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "ஏறுடா. எனக்குக் காசில்ல, உனக்குத்தான் செலவு" என்று ஜன்னலோரத்தைப் பிடித்துவிடுவார். பெயரே கேள்விப்படாத ஒரு கைகாட்டியில் இறங்கி, ஒரு வேப்பமரத்தடி முனீஸ்வரனைப் பார்த்து, அங்கே ஆடு மேய்க்கிற அக்காவிடம் அரை மணி நேரம் பேசி, அவர் மகளுக்கு வரன் சொல்லிவிட்டு வந்த சாயங்காலங்கள் எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்து சுற்றுலாத்துறை விளம்பரம் எதிலும் இந்த மாதிரி ஓர் இடம் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா விடாமல் பேசிக்கொண்டிருந்தார் பாருங்கள், ஊட்டி போய்வந்த மூன்று நாளும் அவர் அப்படிப் பேசவில்லை. ஊட்டியில் அவர் பெரும்பாலும் வேன் சீட்டைப் பற்றித்தான் பேசினார்.

இங்கிலாந்தில் அலஸ்டேர் ஹம்ஃப்ரீஸ் என்று ஒருவர் இருக்கிறார். நாலு வருஷம் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றி வந்த மனுஷன். அப்பேர்ப்பட்டவர் 2011இல் என்ன செய்தார் தெரியுமா? லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை ஒட்டியே, பனிக்காலத்தில், நடந்து ஒரு வட்டம் அடித்தார். லாரி ஓடுகிற ரோட்டோரம்! அதையும் சாகசம் என்றுதான் சொன்னார். வேலை முடியும் மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் வேலை தொடங்கும் காலை ஒன்பது மணிவரை நமக்கு நாமே ராஜா, அதற்குள் ஒரு குன்றில் படுத்துத் தூங்கிவிட்டு வரலாமே என்பது அவர் கட்சி. 2014இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். பிறகு இன்னும் சுருக்கிக்கொண்டு, தன் வீட்டைச் சுற்றியுள்ள ஒரே ஒரு வரைபடத் தாளை எடுத்து, வாரத்துக்கு ஒரு சதுர கிலோமீட்டராக ஒரு வருஷம் நடந்து பார்த்து, 2024இல் அதையும் புத்தகமாக்கினார். எனக்கு அவர்மேல் கொள்ளை மரியாதை. கூடவே கொஞ்சம் பரிதாபமும். பாவம், அவருக்கு வாய்த்தது எம்25. எங்களுக்கு வாய்த்தது காவலூர் ரோடு.

காவலூர் ரோடு! எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஆலங்காயத்தில் ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரெல்லை தாண்டி, புளியமரங்கள் முடிந்து, ஏற்றம் ஆரம்பித்து, டிரைவர் கியரைக் கீழே இறக்குகிற அந்தச் சத்தம் கேட்டதும் ஜன்னலில் காற்று மாறும். சத்தியமாக மாறும். அதுவரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று அங்கிருந்து முகத்தைத் தடவ ஆரம்பிக்கும். ஒவ்வொரு வளைவிலும் கீழே எங்கள் ஊர் கொஞ்சம் சின்னதாகும். ஏரி ஒரு கண்ணாடித் துண்டாகும். மேற்கே ஏலகிரி நீலமாக எழுந்து நிற்கும். மழை பெய்த மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம்: பாறை எல்லாம் கறுத்து, எங்கிருந்தோ ஓடை ஓடுகிற சத்தம், மண்வாசனையோடு கலந்து ஏதோ இலை கசங்கிய வாசனை. எந்த இலை என்று கண்டுபிடிக்க எத்தனையோ முறை இறங்கி முகர்ந்து பார்த்திருக்கிறேன். இதுவரை பிடிபடவில்லை. பிடிபடவும் வேண்டாம்.

எக்ஸெல் வண்டியில் போனால் இன்னும் பிரமாதம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். மலைமேல் ஆவணி, புரட்டாசியில் சாமைக் கொல்லைகள் பச்சையாக அலையடித்துக்கொண்டிருக்கும். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் உணவும் வரும்படியும் நெடுங்காலமாக இந்தச் சாமைதான். (பெயர்தான் மலையாளி, பேசுவது நல்ல தமிழ்.) புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மலையூர்களை நாடு நாடாகத்தான் சொல்வார்கள். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து அவற்றுக்கு ஏறுகிற பாதை தனி ருசி, அதை இன்னொரு நாள் பேசலாம். ரோட்டோரம் சீத்தாப்பழம் கூறு கட்டி விற்பார்கள். பலாக் காலத்தில் பலாவின் வாசம் ஆளைப் பார்க்கும் முன்பே வந்துவிடும். ஒரு பாட்டியிடம் பழம் வாங்கும்போது, "இன்னா வேலையா மேல போற?" என்று கேட்டார். "சும்மாதான் பாட்டி." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சும்மா போறவனுக்கு இது" என்று கூறுக்கு மேல் இரண்டு பழத்தைச் சேர்த்துப் போட்டார். இந்த மலையில் சும்மா போகிறவனுக்குத் தனி மரியாதை உண்டு என்பது என் அனுபவம்.

இப்போது காவலூர். மூச்சைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு சிறு பயணத்தில், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே, மரங்களுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகக் குமிழ்க் கூரைகள். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம். வானியலறிஞர் வைணு பாப்பு தேடித் தேடிப் பிடித்த இடம் இது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு இங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து போகும்போது அந்த ஒரு மீட்டர் கண்ணால் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கி மீண்டது. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட இரவு அது. அமெரிக்கர்கள் அதற்காகத் தொலைநோக்கி பொருத்திய விமானத்திலேயே பறந்துகொண்டிருந்தார்கள். அதே இரவில் அதே விண்மீனுக்காகக் காத்திருந்தது எங்கள் மலை. அன்று ஆலங்காயத்தில் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இன்னும் இருக்கிறது, பொறுங்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைப் பெங்களூரிலேயே தேய்த்து மெருகேற்றி, தொலைநோக்கியை உள்நாட்டிலேயே உருவாக்கி இங்கே நிறுத்தினார்கள். அதைக் கனவு கண்ட பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதைத் திறந்துவைத்தபோது, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 2016இல் உத்தரகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் வரும்வரை முப்பது வருஷம் இந்தியாவின் மிகப் பெரிய தொலைநோக்கி எங்கள் மலையில்தான் இருந்தது. 1988இல் இங்கே ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் வைத்தார்கள்: 4130 ராமானுஜன். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜ் போனவர், கடைசியில் எங்கள் காவலூர் வழியாக வானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்!

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது இங்கே வழக்கம். மாலையில் பெரிய தொலைநோக்கியைச் சுற்றிக் காட்டுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் இருட்டிய பிறகு ஒரு சிறிய தொலைநோக்கி வழியாக நம்மையே பார்க்கச் சொல்வார்கள். இரண்டு பருவமழையும் இந்த மலையைத் தொட்டுவிட்டுப் போகும் என்பதால் மழை மாதங்களில் மேகம் ஏமாற்றும். தை பிறந்தால் சித்திரை, வைகாசி வரை வானம் பெரும்பாலும் கைவிடாது. கிளம்புமுன் அன்றைக்கு அனுமதி உண்டா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது மட்டும் நல்லது. ஆட்டத்தின் விதி இந்த ஓரிடத்தில் தளரும்.

வாழ்நாள் முழுக்க இந்த மலையின் நிழலில் கோலம் போட்ட அம்மா, ஒருமுறைகூடக் காவலூர் வானாய்வகத்துக்குள் போயிருக்கவில்லை. "அது படிச்சவங்க போற இடம்" என்பார். நான் கூட்டிக்கொண்டு போன அன்று சனிக்கோளைக் காட்டினார்கள். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் நிமிர்ந்து என்னிடம், "தோட்டைத் திருகாணியோட கழட்டி வச்ச மாதிரி இருக்குடா" என்றார். வளையத்தோடு கூடிய சனியை இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அம்மா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனால் துணியோடு சீக்கிரம் கீழே வருவதில்லை.

இந்த இடத்துக்கு இன்னொரு மகிமை உண்டு. அதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. காவலூர் வடக்கே பன்னிரண்டரை பாகை அட்சரேகையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே பன்னிரண்டரை பாகை உயரத்தில் நிற்கும். சித்திரை, வைகாசி இரவில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தெற்கே திரும்பினால், தென்சிலுவை! லண்டன்காரர் தன் ஊரில் இருந்துகொண்டு தென்சிலுவையைப் பார்க்கவே முடியாது. சிட்னிக்காரருக்குத் துருவ நட்சத்திரம் எழவே எழாது. நமக்கு இரண்டும், நின்ற இடத்திலேயே, கழுத்தைத் திருப்புகிற செலவில். சிலுவைக்குப் பக்கத்தில் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து மங்கலான ஒரு திட்டாகக் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து கிளம்பிய ஒளி ஏறக்குறைய பதினேழாயிரம் வருஷம் பயணம் செய்து, ஆலங்காயம்–காவலூர் ரோட்டில் எக்ஸெல்லை ஓரமாக நிறுத்திவிட்டு நிற்கிற என் கண்ணில் வந்து விழுகிறது. ஹம்ஃப்ரீஸ் சார், எங்கள் ஊருக்கு ஒருதரம் வாங்க!

பழமை வேண்டுமானால் அதற்கும் மலை தயார். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் கீழ்செப்பிலி என்னும் ஊரை ஒட்டிய குன்றில் கல்திட்டைகள் இருக்கின்றன. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காகப் பலகைப் பாறைகளை நிறுத்தி, மேலே ஒரு பாறையை மூடியாகப் போட்டுக் கட்டியவை. ஊர்க்காரர்கள் இவற்றை வாலியர் வீடு என்பார்கள். உள்ளே எட்டிப் பார்க்கலாம். உட்கார வேண்டாம், கலைக்க வேண்டாம், பெயர் செதுக்கவே வேண்டாம். ஏற்கெனவே காதலர்கள் போதுமான அளவு வரலாறு எழுதிவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், இந்தப் பக்கத்து மலைகளில் திரிவதற்கு வழிகாட்டி எழுதும் வழக்கம் நம்மிடம் நேற்று வந்ததில்லை. ஜவ்வாது மலையின் தென் அடிவாரத்தில் இருக்கும் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம். எழுதியவர் பெருங்கௌசிகனார். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு ஒரு வழிகாட்டி இது: எந்த இடத்தில் பன்றிப்பொறி இருக்கும், எங்கே பாம்பு இருக்கும், யானையை விரட்டப் பரணிலிருந்து எறிகிற கல் எந்தப் பக்கம் வந்து விழும், எந்த ஊரில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று 583 அடியில் எல்லாவற்றையும் சொல்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு அதில் சேயாறாக ஓடுகிறது. சாப்பாட்டு விவரம் விடுபடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்தக் காலத்திலும் நல்ல வழிகாட்டிக்கு அதுதான் அடையாளம்.

ஜமுனாமரத்தூரைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் போய்விடும், பஸ்ஸுக்கு அந்த எல்லை தெரியாது. பீமன் அருவி இருக்கிறது, கோமுட்டேரியில் படகு இருக்கிறது, கோடை விழா நடக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. ஸ்பீக்கரோடு வந்து அருவிச் சத்தத்தை அமுக்குகிறவர்கள் மீது எனக்கு நிரந்தரக் கோபம் உண்டு. புதன்கிழமை மத்தியானம் போங்கள். அருவி உங்களுக்காக மட்டும் விழும்.

மலை ஏற மனமில்லாத நாளும் வரும். அப்போது சமவெளிதான். ஆண்டியப்பனூர் அணைக்குப் போய்க் கரைமேல் ஒரு நடை. நீர் நிறைந்த வருஷமானால் மலை தலைகீழாகத் தண்ணீரில் இறங்கியிருக்கும். வற்றிய வருஷமானால் அடியில் மண் வெடித்து, அதில் கொக்குகள் அளந்து அளந்து நடக்கும். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். அதுவும் முடியாவிட்டால் பௌர்ணமியன்று ஊர் ஏரிக்கரையில் தூக்குவாளியில் புளிச்சோறு. ஏரிக்கரைக்கு வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தில் தெருக்காரர்கள் "எங்க, வெளியூரா?" என்று கேட்பார்கள். "ஏரிக்கரைக்கு" என்றால் நம்ப மாட்டார்கள். ஒருநாள் எதிர்வீட்டு அத்தை நம்பாமல் பின்னாலேயே வந்துவிட்டார். இப்போது பௌர்ணமிக்கு ஊறுகாய் அவர் பொறுப்பு.

உற்சாகத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. ரோடும் ஊரும் நம்முடையவை. காப்புக்காடு அப்படி இல்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே காலை வைத்தால் குற்றம், கரடி எதிரே வந்தால் அதைவிடப் பெரிய சங்கடம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகளை இழந்த துயரம் மறக்கக் கூடியதில்லை. கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது தீப்பெட்டி உரசுகிற வேலையே வேண்டாம். காட்டுக்குள்ளேதான் நடக்க ஆசை என்றால், 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடு முறையாகப் போகலாம். பக்கத்து ஏலகிரியின் சுவாமிமலையும் அதில் உண்டு. மழையில் ஓடை பெருகினால் கடக்காமல் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். அதுவும் நல்ல பொழுதுதான். மலைவளைவில் செல்போன் சிக்னல் போய்விடும், ஆகவே யாரோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே போகிறோம் என்று தெரியாவிட்டால் எந்த பஸ்ஸில் ஏறினோம் என்றாவது சொல்லுங்கள்.

போன வாரம் டம்ளரைக் கீழே வைத்தபோது ஒடுகத்தூர் பஸ் நின்றது. ஏறிவிட்டோம், ஆனால் மழை பிடித்துக்கொண்டதால் வழியில் ஒரு மளிகைக்கடைத் தாழ்வாரத்திலேயே பொழுது போய்விட்டது. கடைக்கார அண்ணன் கடலை மிட்டாய் கொடுத்தார், அம்மா அவருக்கு மூட்டுவலிக்கு முடக்கத்தான் ரசம் சொல்லிக்கொடுத்தார். அந்த ரோட்டில் இடதுபக்கம் ஒரு கரட்டின் உச்சியில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோயில் தெரிந்தது. எந்தச் சாமி என்று கடைக்காரரைக் கேட்டோம். "ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார், இத்தனைக்கும் அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். அடுத்த முறை அவரையும் இழுத்துக்கொண்டு ஏறுவதாக ஏற்பாடு. நீங்களும் வருவதாக இருந்தால், நாலு மணிக்கு ஆலங்காயம் பஸ் ஸ்டாண்ட். வடைக்குக் காசு நான் கொடுத்துவிடுகிறேன்.